துடைக்கப்பட்ட புள்ளிகள்: பிராங்ளினின் பதின்மூன்று வார அட்டவணை குறித்து

பெஞ்சமின் பிராங்ளின் இளமையில் தமக்கென வகுத்துக்கொண்ட நற்குண அட்டவணையை வணிகனின் பேரேடாகவே படிப்பது ஆய்வுலகில் நெடுநாள் வழக்கம். தன் குற்றங்களை அன்றாடம் பற்றெழுதி, ஆண்டு முடிவில் லாப நட்டம் பார்க்கும் அச்சுக்கூட முதலாளி என்ற சித்திரம் அங்கிருந்துதான் வந்தது. சுயமுன்னேற்ற நூல்கள் இன்றும் அச்சிடும் பழக்கப் பட்டியல்களுக்கும் அதுவே மூலம். அச்சித்திரத்துக்கு ஆதாரமாகக் காட்டும் சுயசரிதைப் பகுதியிலேயே அதை மறுக்கும் சான்றும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அப்பகுதி 1784இல், பாரிஸை ஒட்டிய பாஸியில், பிராங்ளின் தம் 78ஆம் வயதில் எழுதியது. குறிப்பேட்டில் குணத்துக்கு ஒரு பக்கம். சிவப்பு மையில் கோடுகள். ஏழு நாளுக்கு ஏழு நிரல்கள், பதின்மூன்று குணங்களுக்குப் பதின்மூன்று வரிகள். இரவில் அன்றைய நடத்தையைச் சோதித்து, தவறு கண்ட கட்டத்தில் ஒரு கரும்புள்ளி. இவ்வளவையும் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். சற்றுத் தள்ளி அவர் சொல்வதைத்தான் சேர்த்துப் படிப்பதில்லை. ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும்போது பழைய புள்ளிகளைச் சுரண்டிவிட்டுப் புதியவற்றுக்கு இடம் செய்திருக்கிறார். சுரண்டிச் சுரண்டித் தாளெல்லாம் ஓட்டை. பிறகு அட்டவணையைத் தந்த ஏடுகளுக்கு மாற்றினார்: கோடுகள் அழியாத சிவப்பு மையில், புள்ளிகள் பென்சிலில். ஈரப் பஞ்சால் ஒருமுறை துடைத்தால் புள்ளிகள் போய்விடும், கோடுகள் நிற்கும்.

எந்த வணிகன் தன் பேரேட்டை ஈரப் பஞ்சால் துடைப்பான்? அவர் விவரிக்கும் அட்டவணையில் கூட்டுத்தொகைக்கு இடமில்லை. போன சுற்றை இந்தச் சுற்றோடு ஒப்பிடும் வழியைத் தம் கையாலேயே அவர் அடைத்துவிடுகிறார். எஞ்சுவது கோடுகள் மட்டுமே. அதாவது, நாளை இரவும் உட்கார்ந்து பார்க்க வேண்டிய கட்டங்கள். இது தேறிய தொகையைச் சேமிக்கும் கருவி அன்று, அன்றாடம் திரும்பி வரச் செய்யும் கருவி என்றே கொள்ளத் தோன்றுகிறது. தவறுகள் குறைவதைக் கண்டு மனநிறைவு கொண்டதாக அவரே எழுதுகிறாரே எனலாம். உண்மைதான். ஆனால் எத்தனையிலிருந்து எத்தனையாகக் குறைந்தன என்று ஓர் எண்கூட அவர் தரவில்லை. மின்னல், அஞ்சல், மக்கள்தொகை என எதையும் எண்ணிப் பார்த்தவர் இங்கே எண்ணாமல் விட்டது தற்செயல் ஆகாது. தாளை மிச்சம் பிடிக்கவே அழித்தார் என்ற விளக்கம் ஒன்றும் உண்டு. தாள் விற்கும் கடையே வைத்திருந்தவர் விஷயத்தில் அதற்கு மேல் பதில் வேண்டியதில்லை.

இதைவிடக் கடினமான தடை வேறொன்று. வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டுமே முழுக் கவனம், மற்றவை வழக்கம்போல் நடக்கட்டும், இரவில் புள்ளி வைத்தால் போதும் என்பது அவர் ஏற்பாடு. முதல் வாரம் மிதவுணவும் மதுவில் அளவும். தலை தெளிவாக இருந்தால்தான் மற்றதெல்லாம் கைகூடும் என்பது காரணம். அந்த வரி புள்ளியின்றி நின்றால் அடுத்த குணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார். இந்த 'நின்றால்' என்னும் நிபந்தனையைப் பற்றிக்கொண்டுதான், ஒன்றை வென்ற பின்பே இன்னொன்று என்னும் ஏணியாக இதைப் படிப்போர் வாதிடுகின்றனர். சொற்களை மட்டும் பார்த்தால் அவ்வாசிப்புக்கு இடமுண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் அதே பத்தி பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று என்று கணக்குச் சொல்கிறது. தோற்ற வாரத்தை மறுபடி நடத்த அந்தக் கணக்கில் ஒரு வாரம்கூட மிச்சமில்லை: பதின்மூன்றை நான்கால் பெருக்கினால் ஐம்பத்திரண்டு, ஆண்டு முடிந்தது. பிற்காலத்தில் சுற்றுகள் ஆண்டுக்கு ஒன்றாகி, பல ஆண்டுக்கு ஒன்றாகி, வெளிநாட்டு அலுவல்களில் நின்றேபோனதும் தெரிந்ததே. அப்போது தளர்ந்தது சுற்றுகளின் எண்ணிக்கை; வாரம் ஒரு குணம் என்ற முறையை மாற்றியதாக அவர் சொல்லவில்லை.

ஏணி வாசிப்பு உடையும் இடம் மூன்றாம் குணமாகிய ஒழுங்கு. அதற்காகவே ஒரு நாள் திட்டம் வரைந்தார்: காலை 5 மணிக்கு எழுவது, 8 முதல் 12 வரையும் 2 முதல் 6 வரையும் வேலை, இரவு 10க்குப் படுக்கை. கூலிக்கு வேலை செய்யும் அச்சுத் தொழிலாளிக்கு இது ஒத்துவரலாம், வாடிக்கையாளர் வரும் நேரத்துக்கெல்லாம் எழுந்து நிற்க வேண்டிய முதலாளிக்கு ஒத்துவரவில்லை என்கிறார். தாள்களை அதனதன் இடத்தில் வைக்கும் பழக்கமும் கடைசிவரை வரவில்லை. நினைவாற்றல் துணை நின்ற வரையில் அது உறைக்கவில்லை, முதுமையில் உறைத்தது. ஏணியென்றால் மூன்றாம் படியிலேயே அவர் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஒழுங்கு கைகூடாத நிலையிலேயே நான்காம் வாரம் மனவுறுதிக்கும், பதின்மூன்றாம் வாரம், செருக்குடையவர் என்று குவேக்கர் நண்பர் ஒருவர் சுட்டியபின் பட்டியலில் சேர்த்த பணிவுக்கும் வந்து சேர்ந்தார். அவரை அங்கே கொண்டுவந்தது முந்தைய வரியின் வெற்றி அன்று, நாட்காட்டி.