ஃபிரான்சைஸ் எடுக்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க!

வேலையை விட்டதும் கைக்கு வந்த பி.எஃப் பணம், கூட கொஞ்சம் நகைக்கடன். 'பேசாம ஒரு பீட்சா கடை ஃபிரான்சைஸ் எடுத்துடலாமா?' என்று யோசிப்பவர்கள் முதலில் போவது கூகுளுக்குத்தான். சிக்கலும் அங்கேயேதான் ஆரம்பிக்குது.

இந்தியாவில் டாமினோஸ் கடைகளை ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ் நிறுவனமே நடத்துகிறது. தென்னிந்தியாவில் மெக்டொனால்ட்ஸ், வெஸ்ட்லைஃப் நிறுவனத்தின் கையில். ரெண்டு பேருமே தனிநபருக்குக் கடை பிரித்துக் கொடுப்பதில்லை. ஆனா, இதே மாதிரி பெரிய பெயர்களில் போலி இணையதளம் தொடங்கி, 'ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்' என்று லட்சக்கணக்கில் கறந்த கும்பல்கள் போலீஸில் சிக்கியிருக்கின்றன.

சரி, நிஜமாகவே ஃபிரான்சைஸ் தரும் ஃப்ரைடு சிக்கன், பர்கர் பிராண்டுகளுக்கு வருவோம். எல்லோரும் ஆரம்ப முதலீட்டைத்தான் விசாரிக்கிறாங்க. கடிப்பது ராயல்டி. பெரும்பாலும் இது லாபத்தில் அல்ல, விற்பனையில் கணக்கிடப்படும். மாதம் 5 லட்சத்துக்கு விற்பனை, ராயல்டி 6% என்று வைத்துக்கொள்ளுங்கள். 30,000 ரூபாய். அதற்கு 18% ஜி.எஸ்.டி 5,400. சாதாரண உணவகங்கள் 5% ஜி.எஸ்.டி-யில் இருப்பதால் இன்புட் கிரெடிட் கிடையாது. அந்த 5,400-ம் உங்க கையை விட்டுத்தான் போகும். அந்த மாதம் நீங்க நஷ்டத்தில் இருந்தாலும் 35,400 கட்டியே ஆகணும். வாடகை, மாஸ்டர் சம்பளம், கரன்ட் பில், டெலிவரி ஆப் கமிஷன் எல்லாம் தனி.

மசாலா, சாஸ், பேக்கிங் டப்பா எல்லாம் கம்பெனியிடமே வாங்கணும்னு ஒப்பந்தத்தில் இருக்கும். விலையை யார், எப்போ ஏத்தலாம்னு எழுதியிருக்கான்னு பாருங்க.

அமெரிக்காவில், கையெழுத்துக்கு குறைந்தது 14 நாள்களுக்கு முன்பே மூடப்பட்ட கடைகள் உட்பட எல்லா விவரத்தையும் எழுத்தில் தந்தாகணும். இங்கே ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. நாமதான் கேட்டு வாங்கணும். கம்பெனி காட்டும் 'சூப்பர் ஹிட்' கிளையை விடுங்க. கடையை மூடியவரைத் தேடிப்பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்க, நிறைய சொல்வார். ஓடுகிற கிளைக்குப் போனால் ஞாயிறு ராத்திரி வேண்டாம், செவ்வாய்க்கிழமை மதியம் 3 மணிக்குப் போய் உட்காருங்க.

இன்னொரு விஷயம். ஃபிரான்சைஸ் ஒப்பந்தம் 5 வருஷம், கடை வாடகை ஒப்பந்தம் 3 வருஷம் என்று இருந்தால், நடுவில் ஓனர் காலி பண்ணச் சொன்னா இன்டீரியர் செலவு மொத்தமும் போச்சு. ரெண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பார்த்துட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.