பால் கொடுப்பவளிடம் கேட்கும் கேள்விகள்

எஸ்டேட் லயங்களில் ஒருத்திக்குப் பால் பத்தவில்லை என்றால், கைக்குழந்தை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொள்வாள். ஊரறிந்த வழக்கம்தான். "உனக்கு என்ன நோய் இருக்கு?" என்று அவளைக் கேட்க யாருக்கு வாய் வரும்? இன்று பால் கொடுக்க முன்வருபவளிடம் கேட்க ஒரு தாள் நிறையக் கேள்விகள் இருக்கின்றன. ரத்தப் பரிசோதனை எப்போது? என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? பச்சை குத்தினாயா? புகையிலை உண்டா?

பாலூட்டுபவளைச் சோதிப்பது புதிதல்ல. ஆயுர்வேத நூலோர் சரகரும் சுசுருதரும் செவிலித்தாயைத் தேர்ந்தெடுக்க இலக்கணமே எழுதினார்கள். பாலைத் தண்ணீரில் விட்டால் மிதக்காமல், அடியில் தங்காமல் ஒன்றாய்க் கலக்க வேண்டும். கிரேக்க வைத்தியர் சொரானஸ் நகத்தின் மேல் ஒரு துளி விட்டு, அது எப்படி ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னார். இரண்டு சோதனைகளும் பாலைத்தான் பார்த்தன. ரத்தத்தில் இருப்பது அவற்றுக்கு அகப்படவில்லை.

ரத்தத்தைப் பார்க்க வைத்தது பறங்கிப்புண், அதாவது சிபிலிஸ். ஐரோப்பாவில் கூலிக்குப் பாலூட்டிய ஏழைப் பெண்கள் அந்த நோயைப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள் என்ற பயம் ஒரு பக்கம். நோயோடு பிறந்த பிள்ளையிடமிருந்து அவர்களுக்கே அது தொற்றிய கொடுமை மறுபக்கம். இந்த மறுபக்கத்தை அதிகம் பேர் பேசுவதில்லை. 1906இல் அந்த நோயைக் கண்டறியும் வாஸர்மான் ரத்தச் சோதனை வந்தது. 1909இல் வியன்னாவில் குழந்தை மருத்துவர் எஷரிக் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பாஸ்டனிலும் ஒன்று வந்தது.

பிறகு 1985. தாய்ப்பால் வழியாக எச்.ஐ.வி. பரவலாம் என்று மருத்துவ இதழில் செய்தி வந்ததும் பல நாடுகளில் பால் வங்கிகள் வரிசையாக மூடப்பட்டன. மிஞ்சியவை ரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கி, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கின. அந்தப் பீதி அடங்காத 1989இல்தான் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் பால் வங்கியைத் திறந்தார். துணிச்சல்காரர்.

வங்கி இல்லாத ஊர்த் தாய்மார்கள் என்ன செய்வது? 2010இல் அமெரிக்காவில் ஷெல் வாக்கர் என்ற மருத்துவச்சி, தாய்மார்கள் தங்களுக்குள் பால் பகிர்ந்துகொள்ள 'ஈட்ஸ் ஆன் ஃபீட்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அங்கே நான்கு விதிகள் உருவாயின: விவரம் தெரிந்து முடிவெடுப்பது, கொடுப்பவரைச் சோதிப்பது, சுத்தமாகக் கையாள்வது, வீட்டிலேயே சூடாக்குவது. அதே ஆண்டு அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் இப்படிப் பால் வாங்க வேண்டாம் என எச்சரித்தது. எச்சரிக்கையில் நியாயம் இருந்தது. ஒஹாயோ ஆய்வாளர்கள் இணையத்தில் விலைக்கு வாங்கிச் சோதித்த 102 மாதிரிகளில் 10இல் மாட்டுப்பால் கலந்திருந்ததாக 2015இல் எழுதினார்கள். "காசு கேட்கிறாயா?" என்ற கேள்வி தாளில் இருக்கவேண்டிய காரணம் இதுதான்.

மலேசியாவில் இன்னொரு கேள்வியும் உண்டு. இங்கே பின்பற்றும் இஸ்லாமிய முறைப்படி, இரண்டு வயதுக்குள் ஒரே தாயிடம் ஐந்து முறை பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள். மணம் செய்துகொள்ள முடியாது. பலருடைய பால் கலக்கும் வங்கியை 2011இல் தேசிய ஃபத்வா குழு ஏற்கவில்லை. கொடுப்பவள் யார், அவள் பிள்ளைகள் யார் என்பது தெரிந்தே ஆகவேண்டும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அந்த விதி இல்லை. ஆனாலும் முகமறியாப் பாலுக்கு இதைவிட நல்ல தடை எனக்குத் தோன்றவில்லை.

மலேசியாவின் மலையூரான தானா ராத்தாவில் பாதிக் கேள்விகளுக்குப் பதில் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அரசு கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பிங்க் புத்தகத்தில் எச்.ஐ.வி., சிபிலிஸ் முடிவுகள் பதிவாகும். 1998 முதல் நாடெங்கும் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கிறது. எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்ததாக 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று தந்தது. ஆனால் புத்தகத்தில் இருப்பது கர்ப்ப காலத்து ரத்தம். பால் கொடுக்கும்போது அது ஒரு வருஷப் பழசாகக்கூட இருக்கலாம். ஹெப்பட்டைட்டிஸ் பி, சி சேர்த்துப் புதிதாக எடுப்பதே சரி. குறைமாதப் பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் வெளிப்பாலே கூடாது.

பாலை வீட்டு அடுப்பில் சூடாக்குவதிலும் ஒரு சிக்கல். ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்காகச் சோதித்த முறை எளிது: பாலைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, பால் மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே தண்ணீர் நிற்கும் சட்டியில் வைத்து, தண்ணீர் தளதளவெனக் கொதித்ததும் எடுத்துவிட வேண்டும். ஆனால் தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளப்பை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்பி, 62.5 டிகிரியில் அரை மணி நேரம் வைப்பது மேல்.

இத்தனைக்கும் கஷ்டமான இடம், அக்கா என்று கூப்பிடுபவளிடம் வாய் திறப்பதுதான். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, வாங்குகிறவள் தன் பிங்க் புத்தகத்தை முதலில் நீட்டுவது: "அக்கா, இது என்னோடது. உங்களோடதையும் ஒரு தடவை பார்த்துக்கட்டுமா?"