விறகு வெட்டினவர்களும் எப்பிங் காடும்

செவன் கிங்ஸில் இருக்கிற எங்கட ஆக்களுக்கு எப்பிங் காடு என்றால் ஞாயிற்றுக்கிழமை காலாற நடக்கிற இடம். அந்தக் காடு தப்பின கதை பலருக்குத் தெரியாது. விறகு வெட்டினவர்கள் மறியலுக்குப் போன கதை அது.

முதலில் தப்பாத காட்டைச் சொல்ல வேணும். எங்களுக்கு வடக்கே ஹெயினோல்ட் காடு பரந்து கிடந்தது. 1851 இல் வந்த ஒரு சட்டம் அதன் பாதுகாப்பை நீக்கியது. சில வருடங்களுக்குள் மரங்களைப் பிடுங்கி வயலாக்கிவிட்டார்கள். மிஞ்சின துண்டுதான் 1906 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

எப்பிங்குக்கும் அதே கதி வந்திருக்கும். லோட்டன் கிராமத்துச் சனத்துக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை காட்டில் கொப்பு வெட்டி விறகாக்கும் உரிமை பரம்பரையாக இருந்தது. 1860களில் நிலப்பிரபுவும் பாதிரியாருமான ஜோன் மெயிற்லன்ட் ஆயிரம் ஏக்கருக்கு மேல் வேலி அடைத்தார். தோமஸ் வில்லிங்கேல் என்ற கிழவர் விடவில்லை, வழமைபோல வெட்டினார். 1866 இல் அவருடைய குடும்பத்து ஆட்கள் மறியலுக்குப் போனார்கள். அவர் போட்ட வழக்கு முடியமுன்னரே, 1870 இல், அவர் செத்துப்போனார்.

பிறகு லண்டன் சிற்றி கோர்ப்பரேஷன் வழக்கில் இறங்கியது. அதற்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். எங்களில் பலர் செத்தவீட்டுக்குப் போய்வந்த, மனோர் பார்க் பக்கத்துச் சிற்றி சுடலை இருக்கிறதல்லவா? அந்தக் காணியோடு சேர்ந்து காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது! 1874 இல் வேலிகள் சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. 1878 சட்டம் காட்டைப் பொதுமக்களுக்கே ஆக்கியது.

அதே சட்டம்தான் கொப்பு வெட்டும் உரிமையையும் முடித்து வைத்தது. ஈடாகக் கிடைத்த 7,000 பவுண்ஸில் ஊருக்கு ஒரு மண்டபம் கட்டினார்கள். 1884 இல் திறந்த அந்த 'லொப்பிங் ஹோல்' இன்றும் லோட்டனில் நிற்கிறது.

வெட்டு நின்றதும் காடு செழித்திருக்கும் என்றுதானே நினைப்போம்? ஊரில் வேலிப் பூவரசைக் குழைக்கு வெட்ட வெட்ட அது தளிர்க்கும். இங்கேயும் மாடு எட்டாத உயரத்தில் வெட்டி வெட்டியே அந்த மரங்கள் நூற்றுக்கணக்கான வருடம் நின்றன. வெட்டாமல் விட்டதும் கொப்புகள் பெருத்து, பாரம் தாங்காமல் முறிந்தன. நிழல் மூடி, கீழே இருந்த செடிகொடிகள் அழிந்தன. இப்போது காட்டு நிர்வாகமே ஆள் வைத்துப் பழையபடி கொப்பு வெட்டுகிறது, மாடும் மேய விட்டிருக்கிறது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கட சுண்டிக்குளத்தை நினைத்துத்தான். 1938 இல் பறவைகள் சரணாலயமானது, 2015 இல் தேசியப் பூங்கா ஆனது. பறவைகள் வாழத்தான் வேணும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அந்தக் களப்பில் தலைமுறையாக வலை வீசின சனத்துக்கு அதன் ஆழமும் பருவமும் தெரியும். எல்லைக்கல் நடமுதல் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேணும். கேட்காமல் போட்ட எல்லை சனத்தையும் காக்காது, களப்பையும் காக்காது.

லோட்டன் பக்கம் போனால் அந்த மண்டபத்தை ஒருக்கால் பாருங்கோ. காடு தப்பினதுக்கு அந்தச் சனம் கொடுத்த விலை அது.