புல்லட்டும் மனநிறைவின் கணக்கும்

நுகர்வோர் மனநிறைவை ஆராய்வோர் ஓர் எளிய கணக்கை நம்புகின்றனர்: குறை நீங்கினால் நிறைவு கூடும். புல்லட் மோட்டார் சைக்கிளின் இந்திய வரலாறு இக்கணக்கிற்குள் அடங்குவதில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் இந்திய இராணுவத்தின் தேவைக்காக இங்கிலாந்திலிருந்து வந்த 350 சிசி வண்டி அது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ஆங்கில நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் பாகங்கள் பொருத்தப்பட்டன. பின்னர் வண்டி முழுவதுமே அங்கு உருவானது. ஆங்கிலேயத் தயாரிப்பு 1970-இல் நின்றுபோக, 1977-இல் திருவொற்றியூர் வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. இதைப் பெருமையாகச் சொல்வது வழக்கம். அந்த வண்டி ஏறக்குறைய ஐம்பதுகளின் வடிவிலேயே நின்றிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உற்பத்தி அளவை அரசு உரிமம் தீர்மானித்த காலத்தில், வாங்குவோரின் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டிய நெருக்கடி உற்பத்தியாளருக்கு இல்லை.

குறைகளுக்கோ பஞ்சமில்லை. எஞ்சினில் எண்ணெய் கசியும். பிளாட்டினத்தை அடிக்கடி சரிசெய்ய வேண்டும். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில்; பிற வண்டிகளில் பழகியவர் தடுமாறுவார். கிளப்புவதே ஒரு சடங்கு: கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் டிகம்ப்ரசரைப் பிடித்துப் பிஸ்டனைச் சற்றே கடத்தி, பிறகு முழு வீச்சில் ஓர் உதை. பிசகினால் கிக்கர் திருப்பியடிக்கும்.

உரிமையாளர்கள் விரும்பிய மேம்பாடுகளை அறியப் பட்டறைகளைத்தான் ஆவணக்காப்பகமாகக் கொள்ள வேண்டும். பெட்ரோல் செலவு தாளாதவர்களுக்காக மெக்கானிக்குகள் புல்லட் சட்டத்தில் டீசல் எஞ்சினைப் பொருத்தினர். தொண்ணூறுகளில் நிறுவனமும் டீசல் வண்டியை விற்றது. என் பார்வையில், இத்தகைய திருத்தங்கள் அதிருப்தியின் சான்றுகள் மட்டுமல்ல. தன் கைக்கும் தன் மெக்கானிக்கின் கைக்கும் அடங்கிய பொருள் என்ற உரிமையுணர்வும் அவற்றில் உண்டு.

1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகியவை வந்தபின் அந்த உரிமையுணர்வு மட்டும் விற்பனையைக் காக்கவில்லை. 1994-இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு மாறியது. 2008-09-இல் எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டினுள் அமைந்த புதிய எஞ்சின் வந்தது. கியர் இடப்பக்கம் வந்தது. கசிவு பெரிதும் குறைந்தது. சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓட்டமும் மட்டும் பழைய 70, 90 மி.மீ. அளவிலேயே நீடித்தன. கேட்டவை பெரும்பாலும் கிடைத்துவிட்டன. பழைய உரிமையாளர் பலரின் புகாரோ வேறு திசையில் எழுந்தது: சத்தம் மாறிவிட்டதாம்!

பழைய வண்டியை விற்பவர்கள் இன்று ‘வார்ப்பிரும்பு எஞ்சின், வலப்பக்கக் கியர்’ என்பதை விலையை உயர்த்தும் சிறப்பாகவே குறிப்பிடுகின்றனர்.