பதிவேடும் பள்ளிக்கூடமும்
சங்கரன்கோவில் வட்டாரக் கல்வி நிர்வாகம்: ஒரு வரலாற்று நோக்கு

சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டிக்குச் செல்லும் சாலையில் கழுகுமலை இருக்கிறது. அம்மலைச் சரிவில் பாண்டியர் காலச் சமணச் சிற்பங்களும் அவற்றின் அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. அக்கல்வெட்டுகளில் ஆசான்களின் பெயர்களும் மாணாக்கர்களின் பெயர்களும் காணப்படுகின்றன. ‘குரத்தியர்’ எனப்பட்ட பெண் ஆசான்களின் பெயர்களும் அவற்றுள் அடங்கும். சமணத் துறவியர் தங்கிய இடத்திற்குப் ‘பள்ளி’ என்று பெயர். பிற்காலத்தில் அச்சொல் கல்விக் கூடத்தைக் குறித்தது. தமிழ் முஸ்லிம்களின் வாழ்வில் அதுவே தொழும் இடத்தின் பெயராகவும் அமைந்தது. கற்பதையும் வணங்குவதையும் ஒரே சொல்லால் குறித்த மக்களிடையே, கல்வியை நிர்வகிக்க வந்தவர்கள் எவ்வாறு நடந்துகொண்டனர் என்று ஆராய்வது பயனுடையதாகும்.

நம் கல்வி வரலாறுகள் பெரும்பாலும் பள்ளிகளை நிறுவிய வள்ளல்களைப் பற்றியே பேசுகின்றன. அது அவர்களுக்குரிய சிறப்பே. ஆயினும், சங்கரன்கோவில் போன்ற வானம் பார்த்த கரிசல் பூமியில் ஒரு பள்ளி நிலைப்பதும் மறைவதும் வள்ளலைக் காட்டிலும் அதிகாரியைப் பொறுத்தே இருந்து வந்துள்ளது. அங்கீகாரம் தருபவர், மானியத்தை விடுவிப்பவர், ஆசிரியரை நியமிப்பவர் ஆகியோரே ஒரு சிற்றூர்ப் பள்ளியின் விதியை எழுதினர். அவர்களில் எண்ணத்தக்க சிலரைப் பற்றியது இக்கட்டுரை.

மன்றோவின் கணக்கெடுப்பு

சென்னை மாகாணத்தில் கல்வியைப் பற்றி முதன்முதலில் முறையாக விசாரித்த ஆட்சியாளர் கவர்னர் சர் தாமஸ் மன்றோ ஆவார். 1822ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் எழுதிய குறிப்பின் வாயிலாக, ஒவ்வொரு கலெக்டரும் தம் மாவட்டத்தின் பள்ளிகளையும் மாணவர்களையும் எண்ணி அனுப்ப வேண்டும் என அவர் பணித்தார். அதன்படி திருநெல்வேலிக் கலெக்டரும் கணக்கு அனுப்ப வேண்டியவரானார். சங்கரன்கோவில் அந்நாளில் ‘சங்கரநயினார்கோயில்’ என்ற பெயரில் அம்மாவட்டத்தின் தாலுகாக்களுள் ஒன்றாக விளங்கியது.

1826ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் மன்றோ தொகுத்தளித்த முடிவின்படி, மாகாணத்தின் 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 மாணவர்கள் பயின்றனர். அதாவது ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. வீட்டிலேயே கற்பவர்களையும் சேர்த்துப் பார்த்தால், பள்ளி வயதுச் சிறுவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஏதோ ஒரு வகையில் கல்வி பெறுகின்றனர் என்பது அவரது மதிப்பீடு. சிறுமியரின் எண்ணிக்கை மிகவும் சொற்பம்.

கணக்கெடுப்போடு மன்றோ நின்றுவிடவில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என இரண்டு தலைமைப் பள்ளிகளும், ஒவ்வொரு தாசில் வட்டத்திற்கும் ஒரு பள்ளியும் அமைய வேண்டும் என்று அவர் திட்டமிட்டார். மொத்தம் 40 தலைமைப் பள்ளிகள், 300 தாசில் பள்ளிகள். தலைமைப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய். தாசில் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய். மன்றோ 1827ஆம் ஆண்டு ஜூலையில் காலமானார். அதன்பின் அத்திட்டத்தைத் தம்முடையதாகக் கருதி நடத்த எவரும் இல்லை. 1836ஆம் ஆண்டில் அது கைவிடப்பட்டது. ஒரு நிர்வாகியின் அக்கறை அவர் ஆயுளோடு முடிந்துவிடுமாயின், அவர் தொடங்கிய பணியும் முடிந்துபோகும் என்பதற்கு இது முதற்சான்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. மன்றோவின் படிவத்தில் முஸ்லிம்களுக்கெனத் தனிக் கட்டம் இருந்தது. அவர்கள் பேசும் மொழிக்குக் கட்டம் இல்லை. இச்சிறு குறை பின்னர் நெடுங்காலச் சிக்கலாக வளர்ந்தது.

மதிப்பெண்ணுக்கு மானியம்

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கைக்குப் பின் கல்வித்துறை தனித் துறையாயிற்று. அலெக்ஸாண்டர் அர்பத்நாட் சென்னை மாகாணத்தின் முதல் பொதுக் கல்வி இயக்குநரானார். தனியார் பள்ளிகளுக்கு மானியம் தரும் முறை வந்தது. அம்மானியத்தை மேற்பார்க்க ஆய்வாளர்கள் வந்தனர். கிராமத்தார் கண்ட முதல் கல்வி அதிகாரி இந்த ஆய்வாளரே.

சில ஆண்டுகளில் ‘தேர்ச்சிக்கு ஏற்ற மானியம்’ என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டு புகுத்தப்பட்ட விதியின் வழிவந்தது இது. ஆய்வாளர் வந்து, ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதிப்பார். தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆசிரியருக்குத் தொகை கிடைக்கும். பருத்தி எடுப்புக் காலத்தில் குடும்பத்தோடு பிள்ளைகளும் புன்செய்க்காட்டில் இருக்கும் ஊரில் இம்முறை என்ன விளைவை ஏற்படுத்தியிருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம். சோதனை நாளில் வராத பிள்ளை ஆசிரியரின் உணவில் ஒரு கவளத்தைக் குறைத்தது. மந்தமான பிள்ளை அவருக்குச் சுமையாயிற்று. நிர்வாகம் ஊருக்குள் வந்தது உண்மையே. ஆனால் அது தண்டிப்பதற்கு வந்த நிர்வாகமாகவே மக்களுக்குத் தோன்றியது. இம்முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டபோதும், ஆய்வாளர் என்றால் அச்சம் என்ற மனநிலை உடனே மறையவில்லை.

முஸ்லிம்களுக்கான கல்விக் கொள்கை

1871ஆம் ஆண்டு மேயோ பிரபுவின் தீர்மானத்தைத் தொடர்ந்து, முஸ்லிம்களின் கல்விப் பின்னடைவு அரசின் கவனத்திற்கு வந்தது. 1882ஆம் ஆண்டு நியமிக்கப்பட்ட ஹண்டர் கல்விக் குழு இதனை விரிவாக ஆராய்ந்தது. முஸ்லிம் பள்ளிகளை ஊக்குவித்தல், கட்டணச் சலுகை, முஸ்லிம் ஆய்வாளர்களை நியமித்தல் முதலிய பரிந்துரைகள் வரவேற்கத்தக்கனவே. ஆயினும் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் முஸ்லிம்களின் பயிற்றுமொழி முதன்மையாக இந்துஸ்தானியாக இருக்கலாம் என்று அக்குழு கருதியது. சமுதாயத்தார் வேறு மொழியை விரும்பும் இடங்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது.

திருநெல்வேலிச் சீமையின் முஸ்லிம்களைப் பொறுத்தவரை அந்த விலக்கே விதியாக இருந்திருக்க வேண்டும். கடையநல்லூர், புளியங்குடி, மேலப்பாளையம், காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் முஸ்லிம்கள் தமிழையே தாய்மொழியாகக் கொண்டவர்கள். மார்க்க அறிவை அறபுத்தமிழ் எழுத்தில் எழுதியும் படித்தும் வந்தவர்கள். இவர்களுக்கு உருது, ஆங்கிலத்தைப் போலவே கற்றுக்கொள்ள வேண்டிய மற்றொரு மொழி. ஆட்சியாளரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுற வேண்டியதில்லை. எனினும் யாருக்காகத் திட்டம் தீட்டப்படுகிறதோ அவர்களைக் கேளாமல் தீட்டினால் நல்லெண்ணமும் இலக்கைத் தவறும் என்பதை இது காட்டுகிறது. காலையில் மக்தபில் குர்ஆன் ஓதக் கற்ற பிள்ளை, அதன்பின் தெருவின் தமிழ்ப் பள்ளிக்குச் செல்வதற்கு ஏற்ற நேர ஒழுங்கை அமைத்திருந்தால், அது பல சலுகைகளினும் மேலான சலுகையாக இருந்திருக்கும்.

1884ஆம் ஆண்டின் தல வாரியச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டமும் அதிகாரத்தின் ஒரு பகுதியை உள்ளூர்த் தலைவர்களிடம் கொண்டுவந்தன. பின்னதன்படி கல்வி வரி விதிக்கவும், விரும்பிய பகுதிகளில் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரவும் வழி பிறந்தது. ஆனால் வரி கட்ட இயலாத வறண்ட ஊரில் வரியை நம்பிய கல்வி எவ்வளவு தூரம் செல்லும்?

சுந்தரவடிவேலு காலம்

இக்கேள்விக்கு விடை தேடிய நிர்வாகிகளில் தலையாயவர் நெ. து. சுந்தரவடிவேலு. 1912ஆம் ஆண்டு நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1954ஆம் ஆண்டு பொதுக் கல்வி இயக்குநர் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். பிள்ளைகள் ஒரு வேளை பள்ளியிலும் மறு வேளை பெற்றோரின் தொழிலிலும் பயில வேண்டும் என்று 1953ஆம் ஆண்டு இராஜாஜி கொண்டுவந்த திட்டம் மே மாதம் கைவிடப்பட்டது. அதனால் எழுந்த கசப்பும் ஐயமும் தணியாத நேரத்தில், கல்வித்துறையை மக்களோடு மீண்டும் இணைக்கும் பணி புதிய இயக்குநரிடம் வந்தது.

உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு 1955ஆம் ஆண்டில் ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு ஆகிய மூன்று பயன்களும் சேர்ந்த திட்டம் நடைமுறைக்கு வந்தது. மதிப்பெண்ணுக்கு மானியம் பெற்ற ஆசிரியரின் வழித்தோன்றல், முதுமையில் கையேந்த வேண்டாத நிலையை எய்தினார்.

அடுத்தது மதிய உணவு. சென்னை மாநகராட்சி 1920ஆம் ஆண்டிலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் இதனைத் தொடங்கியிருந்தது. எனினும் நாட்டுப்புறப் பள்ளிகளுக்கு அது எட்டவில்லை. 1956ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் காமராசர் இதனை மக்கள் இயக்கமாகத் தொடங்கிவைத்தார். எட்டயபுரம் கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ளது. சங்கரன்கோவிலின் அதே கரிசல் நிலத்தைச் சேர்ந்தது. மழை பொய்த்தால் அடுப்பு எரியாத ஊர்கள் இவை. பள்ளிக்கு வராத பிள்ளை, படிப்பில் விருப்பமின்றி வராமல் இருக்கவில்லை. பசியால் வராமல் இருந்தது என்பதை நிர்வாகம் ஏற்றுக்கொண்ட தருணம் அது. முதலில் மக்களின் நன்கொடையால் நடந்த திட்டத்திற்கு 1957ஆம் ஆண்டு முதல் அரசு துணை நின்றது. ஓர் உணவுக்குப் பத்துக் காசு எனக் கணக்கிட்டு, ஆறு காசை அரசும் நான்கு காசை உள்ளூராரும் ஏற்றனர்.

1958ஆம் ஆண்டு கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இவ்வழியில் அடுத்த படி. பள்ளிக்கு என்ன தேவை என்று ஊராரே பட்டியலிட வேண்டும். அதனை அவர்களே கொண்டுவர வேண்டும். நிலம், கட்டடம், கரும்பலகை, கடிகாரம், தண்ணீர்ப் பானை, பிள்ளைகளுக்குச் சீருடை என எதுவும் சிறிதல்ல. மாகாணம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள் நடைபெற்றன. முன்பு குறை எழுதும் பேனாவோடு வந்த ஆய்வாளர், இப்போது உதவி கேட்கும் கையோடு வீடுவீடாகச் சென்றார். அதே பதவி, அதே ஆள். ஆனால் அவர் வாசலில் நின்ற விதம் மாறியது. என் நோக்கில், தமிழகக் கல்வி நிர்வாக வரலாற்றின் மிகப் பெரிய திருப்பம் இதுவே.

சுந்தரவடிவேலு சுயமரியாதை இயக்கத்தைச் சேர்ந்தவர். கடவுள் நம்பிக்கை அற்றவர். ஆயினும் அன்னதானம் என்னும் பழைய அறத்தை நம்பிய மக்களிடமே அவர் துறையினர் சென்று கையேந்தினர். பசித்த பிள்ளைக்கு உணவளிப்பதில் கொள்கை வேறுபாடு குறுக்கே நிற்கவில்லை. தம்மைப் போல் நம்பாதவர்களின் நம்பிக்கையையும் மதிக்கத் தெரிந்த நிர்வாகியால்தான் இது இயலும்.

இம்முறையில் குறையே இல்லை என்று கூறிவிட முடியாது. செல்வர் உள்ள ஊர் பள்ளியை அழகுபடுத்திக்கொண்டது; செல்வர் இல்லாத ஊரில் நான்கு காசும் பாரமாகவே இருந்தது. நன்கொடை, இயல்பாகவே, தேவை மிகுந்த இடத்திற்குக் குறைவாகச் செல்லும். 1982ஆம் ஆண்டு எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தின் வாயிலாக முழுப் பொறுப்பையும் அரசின் மீது ஏற்றியபோதுதான் இக்குறை பெருமளவு நீங்கியது. 2001ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் சமைத்த மதிய உணவை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. 2022ஆம் ஆண்டு தமிழகத்தில் காலை உணவும் சேர்ந்தது. எட்டயபுரத்தில் பிறந்த எண்ணம் நாட்டின் சட்டமாயிற்று.

ஒன்றியத்திலிருந்து மாவட்டத்திற்கு

1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தைத் தொடர்ந்து, மாவட்டக் கழகப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிற்கு வந்தன. சங்கரன்கோவில், மேலநீலிதநல்லூர், குருவிகுளம் ஆகிய ஒன்றியங்களின் தொடக்கப் பள்ளிகளுக்கு ‘ஒன்றியப் பள்ளி’ என்ற பெயர் இவ்வாறு ஏற்பட்டது. 1981ஆம் ஆண்டில் அவற்றின் ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். ஆசிரியரின் வாழ்வு உயர்ந்தது. உள்ளூர்ப் பெரியவர்களின் கெடுபிடியிலிருந்து அவர் விடுபட்டார். அதேவேளை, பள்ளி எங்களுடையது என்ற ஊராரின் உரிமையுணர்வும் மெல்லத் தளர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

2018ஆம் ஆண்டின் மறுசீரமைப்பில் சங்கரன்கோவில் பெயரிலேயே ஒரு கல்வி மாவட்டம் அமைந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகியது. திருநெல்வேலிக்கு அலைந்த கோப்புகளுக்குத் தூரம் குறைந்தது. 2022ஆம் ஆண்டில் தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி, தனியார் பள்ளி என அதிகாரிகளின் பொறுப்புகள் பிரிக்கப்பட்டன. இன்று ஒவ்வொரு மாணவரின் விவரமும் கணினியில் பதிவாகிறது. மன்றோ கனவிலும் காணாத துல்லியம் இது. ஆயினும் படிவத்தில் கட்டம் இல்லாத செய்திகள் இன்றும் உண்டு. பிள்ளை ஏன் இரண்டு வாரமாக வரவில்லை என்பதைக் கணினி சொல்லாது. அவ்வீட்டின் வாசலுக்குச் சென்ற ஒருவரே சொல்ல முடியும்.

நம் கடமை

இவ்விரு நூற்றாண்டு வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றே. எண்ணுவதற்கு மட்டும் வந்த நிர்வாகம் மக்களை எட்டவில்லை. கேட்பதற்கு வந்த நிர்வாகம் எட்டியது. ஆனால் கேட்கும் அதிகாரிக்கு விடை சொல்ல ஊரில் ஆள் வேண்டும். நமக்கு ஒவ்வாத மொழிக் கொள்கை ஒரு காலத்தில் வகுக்கப்பட்டதற்கு ஆட்சியாளரின் அறியாமை மட்டும் காரணமன்று. நம்மவரின் குரல் அவர்களை எட்டாததும் காரணமே.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். நம் ஊர்களின் அரசுப் பள்ளிகளில் அக்குழுவின் கூட்டங்களுக்கு நம் தாய்மார்களும் தந்தையரும் தவறாது செல்கின்றனரா என்பதை ஒவ்வொரு ஜமாஅத்தும் எண்ணிப் பார்க்க வேண்டும். சொந்தக் கல்வி நிறுவனம் காண்பது சிறப்பே. ஆனால் ஏழைப் பிள்ளை பயில்வது தெருமுனையின் ஒன்றியப் பள்ளியில்தான். அப்பள்ளியின் அடுத்த கூட்டத்தில் காலியாக இருக்கும் நாற்காலி நமக்குரியது.