நம் வக்கீல் எந்த நீதிமன்றம் வரை வாதாடலாம்?

'வக்கீல்' அரபியிலிருந்து வந்த சொல். ஒருவர் தம் காரியத்தை நம்பி ஒப்படைக்கும் பொறுப்பாளர் என்பது அதன் பொருள். நீதிமன்றத்தில் நாம் கையெழுத்திட்டுக் கொடுக்கும் 'வக்காலத்து'ம் அதே வேரில் பிறந்ததுதான். ஆனால் நாம் ஒப்படைப்பது மட்டும் போதாது. அந்த நீதிமன்றத்தில் வாதாடும் உரிமமும் அவருக்கு இருக்க வேண்டும். தந்தை துபாயில், மகள் கோலாலம்பூரில், பூர்வீக வீடு காயல்பட்டினத்தில் என்று பிரிந்து வாழும் நம் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது அவசியம்.

இந்தியா

1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, சட்டம் படித்தவர் ஏதேனும் ஒரு மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். ஒரே நேரத்தில் இரு மாநிலங்களில் பதிவு வைத்திருக்க முடியாது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒரே பார் கவுன்சில்தான்.

பதிவு ஒரு மாநிலத்தில் இருந்தாலும் உரிமை நாடு முழுவதற்கும் உண்டு. அதைத் தரும் 30ஆம் பிரிவு 2011 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. எனவே சென்னை வழக்கறிஞர் பெங்களூரிலும் வாதாடலாம். எனினும் உயர் நீதிமன்றங்கள் தங்களுக்கென விதி வகுக்கலாம். வெளிமாநில வழக்கறிஞர் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவருடன் சேர்ந்தே ஆஜராக வேண்டும் என்ற அலகாபாத் உயர் நீதிமன்ற விதியை உச்ச நீதிமன்றம் 2016இல் ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்ய, அங்கே தனித்தேர்வு எழுதிப் பதிவு பெற்ற 'அட்வகேட் ஆன் ரெக்கார்டு' தேவை.

வெளிநாட்டு வழக்கறிஞர்கள் இந்திய நீதிமன்றங்களில் வாதாட முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது.

வளைகுடா

அமீரகத்தின் உள்நாட்டு நீதிமன்றங்களில் வாதாடுவோர் பொதுவாக அந்நாட்டுக் குடிமக்களே. நம் நாட்டவர் பலர் அங்கே சட்ட ஆலோசகர்களாக உள்ளனர். அவர்கள் ஆலோசனை தரலாம், ஆவணம் தயாரிக்கலாம். நீதிபதி முன் நிற்க உரிமம் பெற்ற வழக்கறிஞர் வேண்டும். துபாய் நிதி மையத்தின் நீதிமன்றம் ஆங்கிலத்தில் இயங்கும் தனி அமைப்பு. அதற்குத் தனிப்பதிவு உண்டு. சவூதியில் உரிமம் வழங்குவது நீதி அமைச்சகம்.

மலேசியா

ஒரே நாட்டுக்குள் மூன்று ஏற்பாடுகள். தீபகற்பத்துக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம். சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனித்தனிச் சட்டங்கள். கோலாலம்பூர் வழக்கறிஞர் சபாவில் தாமாகச் சென்று வாதாட முடியாது.

நிக்காஹ், தலாக் வழக்குகள் செல்லும் ஷரீஆ நீதிமன்றங்களோ மாநில அதிகாரத்தில் உள்ளவை. அங்கே வாதாட 'பெகுவாம் ஷரீஇ' என்ற தனி உரிமம் தேவை. அதையும் மாநிலம்தோறும் தனியே பெற வேண்டும். சிவில் வழக்கில் சிறந்து விளங்குபவர் என்பதற்காக மகளின் விவாகரத்து வழக்கை அவரிடமே கொடுத்துவிட வேண்டாம். இந்த உரிமம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

இலங்கை

சட்டத்தரணியாக ஏற்றுக்கொள்வது உயர் நீதிமன்றம். அந்தப் பதிவு தீவு முழுவதற்கும் செல்லும். ஆனால் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதி முன் சட்டத்தரணி ஆஜராக முடியாது. தரப்பினரே பேச வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டில் இருப்பவர் ஊரில் உள்ள தம்பிக்கோ மச்சானுக்கோ பவர் பத்திரம் கொடுப்பது வழக்கம். பவர் பெற்றவர் அவருக்காகக் கையெழுத்திடலாம், வழக்கைக் கவனிக்கலாம். அதனாலேயே வழக்கறிஞராகி வாதாட முடியாது. அங்கே எழுதிய பத்திரத்தை இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பி, அது இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் உரிய முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் வழக்கறிஞரின் பதிவு எண்ணையும் ஆண்டையும் கேட்டு, பார் கவுன்சிலில் சரிபாருங்கள். நேர்மையானவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அநாதையின் பங்கும் சகோதரியின் மஹரும் அடங்கிய வழக்கு ஓர் அமானிதம். அதை உரிமையுள்ள கையில் ஒப்படைப்பது நம் கடமை.