இணைய ரம்மி

இணைய ரம்மி என்பது பதின்மூன்று சீட்டு ரம்மியைக் கைப்பேசியிலோ கணினியிலோ பணம் கட்டி ஆடும் வடிவம். ரம்மியின் மூலம் மெக்சிகோவின் கான்கியன் ஆட்டம் என்பர் ஒரு சாரார். சீன ஆட்டங்களைக் காட்டுவோரும் உண்டு.

சென்னை மாகாணத்தின் 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் திறன் ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதை எடுப்பது, எதைக் கழிப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறன் ஆட்டமே என்று 1968இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ‘மூன்று சீட்டு’ ஆட்டத்துக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இணையத்துக்கு வந்ததும் ஆட்டத்தின் நடை மாறியது. சீட்டைக் கலைப்பது சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் நிரல். ‘பாயின்ட்ஸ் ரம்மி’ ஒரே கையில் முடியும். தொடக்கத்திலேயே ‘டிராப்’ (விலகல்) சொன்னால் பொதுவாக 20 புள்ளி இழப்பு, நடுவில் சொன்னால் 40, முழுத் தோல்விக்கு 80. புள்ளிக்கு இவ்வளவு என்று பணக் கணக்கு. ஆள் சேரக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மேஜை முடிந்தால் அடுத்தது தயார்.

நிரலே சீட்டைக் கலைக்கும்போது அதை நம்புவது எப்படி? இந்திய நிறுவனங்கள் ரூபாயில் ஆட்டம் நடத்தி, ஆய்வகச் சான்றிதழைக் காட்டின. கிரிப்டோ உலகம் வேறு வழி கண்டது. எரிக் வோர்ஹீஸ் 2012இல் தொடங்கிய சடோஷி டைஸ் என்ற பந்தயத் தளத்தில் கணக்குத் திறக்கவே வேண்டாம். ஒரு முகவரிக்குப் பிட்காயின் அனுப்பினால் அதுவே பந்தயம். முடிவைத் தீர்மானிக்கும் அன்றைய ரகசியச் சாவியின் ‘ஹாஷ்’ (அதன் கைரேகை போன்ற குறியீடு) முன்கூட்டியே வெளியாகும். பின்னர் சாவியும் வெளியாகும். ஆடியவர் தம் பந்தயத்தைத் தாமே கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். நடத்துபவரின் லாப விகிதம் மட்டும் அப்படியே இருக்கும். 2013இல் அத்தளம் 1,26,315 பிட்காயினுக்கு விலைபோனது.

இணைய ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர, 2020 நவம்பரில் தமிழ்நாடு அதைத் தடைசெய்ய அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2022 அக்டோபரில் சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் பேரவை அதை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நேரில் ஆடும் ரம்மியிலிருந்து இணைய ரம்மி வேறுபட்டது என்று அரசு நிரூபிக்கவில்லை என்ற உயர் நீதிமன்றம், 2023 நவம்பர் 9 அன்று ரம்மி, போக்கர் மீதான தடையை மட்டும் நீக்கியது. நிரல் கலைக்கும் சீட்டில் திறன் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

2025இல் தமிழ்நாட்டில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடத் தடை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறனா தற்செயலா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. அதை எதிர்க்கும் வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றுள்ளன.